தலையணைக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர்

என் பிரியமுள்ள அண்ணிக்கு,

வண்டி இன்னும் நம் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. நீங்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். நான் எப்படி இருக்கிறேன் என்று இரண்டாவதாகத்தான் கேட்பீர்கள், அதுவும் டயரில் காற்று பார்த்தாயா என்று விசாரித்த பிறகு.

நேற்று அமாவாசை. தாமல் ஏரிக்கரைக்குப் போய் ராத்திரி தங்கிவிட்டு இன்று காலை வந்து சேர்ந்தேன். தனியாகத்தான். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்களிடம் போய்ச் சொன்னால், “தனியாவா போன?” என்று ஒரு கேள்வி வரும், அத்தோடு முடிந்துவிடும். பேட்டரி மீட்டரில் எவ்வளவு காட்டியது என்று கேட்க இந்தத் தெருவில் ஆள் இல்லை. அதனால் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் போன பிறகு அவர் ஓட்டிய டூரிஸ்ட் வேனை விற்றுவிடச் சொல்லாதவர்களே கிடையாது. கோயில் பார்க்க வந்தவர்களை ஊர் முழுக்கச் சுற்றிக் காட்டிய வண்டி, இனி யாருக்கு என்றார்கள். நீங்கள் யாரிடமும் எதுவும் பேசாமல் போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தீர்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு. அப்புறம் பின்சீட்டுகளைக் கழற்றிப் போட்டு, ஆசாரியை வைத்து இரண்டு பக்கமும் பலகைக் கட்டில் அடித்து, நடுவில் ஓர் ஆள் நடக்க வழி விட்டு, கூரைமேல் சோலார் தகடு மாட்டி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மரப்பெட்டிக்குள் ஒரு பெரிய பேட்டரியை இறக்கி, மஞ்சள் போர்டை வெள்ளை போர்டாக மாற்றி முடிப்பதற்குள் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. உங்கள் பிடுங்கல் தாங்காமல் நானும் ஹெச் போட்டு லைசென்ஸ் வாங்கினேன்.

“நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீட்ல இருக்கறதே பெரிய விஷயம், இப்ப ஒரே வண்டியிலயா?” என்று யாரோ கிண்டலடித்தபோது நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? “வீட்ல சண்ட போட்டா வெளிய போய்க்கலாம். வண்டியில எங்க போறது? அதான் எங்களுக்குள்ள சண்டையே வர்ல.” கல்யாணம் ஆகாமல் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்ட என்னை ஒரு நாளும் பாரமாகப் பார்க்காதவர் நீங்கள். அன்றைக்குத் தெருவுக்கு முன்னாலும் அதைத்தான் வேறு மாதிரி சொன்னீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தறியில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்த காலத்திலிருந்தே அமாவாசை என்றால் லீவு. தறியை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மாதாமாதம் அந்த ஒரு நாள் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போய்விடுவோம். அமாவாசையன்று செத்தவர்களை நினைத்து வீட்டில் அழுதுகொண்டு உட்காரக்கூடாது, அண்ணனுக்குப் படைத்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்பது உங்கள் சட்டம்.

எனக்கு இருந்த ஒரே கவலை என் மூச்சு. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று டாக்டர் சொல்லி, மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்கோடு ஒரு மெஷினைக் கொடுத்தபோது, இனி வெளியூரில் ராத்திரி தங்குவது முடிந்தது என்றுதான் நினைத்தேன். நீங்கள் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது பேட்டரியிலயே ஓடும் புஷ்பா. நம்ம தறிய நிறுத்தினாலும் உன் குறட்டைத் தறி ராத்திரியெல்லாம் ஓடிக்கினு இருந்துது. இனிமேலாவது நான் தூங்கறேன்” என்றீர்கள்.

ஆனால் நீங்கள் தூங்கவில்லை. பேட்டரி தாங்குகிறதா என்று நடுநடுவே எழுந்து பார்ப்பீர்கள். மீட்டர் அந்த மரப்பெட்டிக்குள் தரையோடு தரையாக இருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, டார்ச் அடித்து, எண்ணைப் படித்துச் சொல்வீர்கள். “பன்னெண்டு புள்ளி நாலு. தூங்குமா.” மாஸ்க் போட்டிருப்பதால் எனக்குப் பேச வராது. கட்டில் பலகையில் இரண்டு தட்டு தட்டுவேன். தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது என்று, அந்தக் காலத்தில் நீங்கள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் உட்கார்ந்து புடவைக் கரைக்கு நூல் நாடாவை மாற்றி மாற்றித் தள்ளும்போது தட்டிக்கொண்ட அதே தட்டுதான். கேட்டுவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் நீங்கள் படுப்பீர்கள்.

பொங்கல் முடிந்து நீங்கள் போனீர்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதை நான் திரும்ப எழுதப்போவதில்லை.

இரண்டு பேருக்குச் சமைத்துப் பழகிய கை. அரிசியைக் குறைத்துப் போட்டாலும் சோறு மிஞ்சுகிறது. சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டால் பேச ஒன்றுமில்லை. டிவியைப் போட்டுவிட்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன், கூடத்தில் யாரோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கட்டும் என்று. ராத்திரி மாஸ்க்கை மாட்டியதும் கை தன்பாட்டுக்குக் கட்டில் சட்டத்தைத் தேடுகிறது.

செந்தில் நல்ல பிள்ளை, அண்ணி. தாம்பரத்திலிருந்து வாராவாரம் வருகிறான். ஆனால் உங்கள் பிள்ளை உங்களை மாதிரியேதான், ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடமாட்டான். “அத்தை, வண்டிய குடுத்துடலாம். கேட்டுக்கினு ஒருத்தர் வந்தாரு. நீங்களும் எங்க கூட வந்துடுங்க” என்றான். நான் வரமாட்டேன் என்றேன். வண்டியையும் தரமாட்டேன் என்றேன். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். மெஷினைப் போட்டுக்கொண்டு வண்டியில் தனியாக ஒரு ராத்திரி ஒழுங்காகத் தூங்கிக் காட்ட வேண்டும். முடிந்தால் வண்டி எனக்கு. முடியாவிட்டால் கேட்டு வந்தவருக்கு.

இதென்ன பெரிய விஷயம் என்று ஆடி மாதத்தில் ஒரு நாள், வெளியூருக்குக்கூட இல்லை, நம் வாசலிலேயே வண்டிக்குள் படுத்தேன். சாயங்காலம் பெரிய காஞ்சிபுரம் வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்திருந்தேன். மீட்டர் பன்னிரண்டரைக்கு மேல் காட்டியது. ஒரு தூக்கம் தூங்கி எழுந்து, மாஸ்க்கைக் கழற்றிவிட்டுப் போய்க் குனிந்து பார்த்தேன். அப்போதும் நன்றாகத்தான் காட்டியது. நிம்மதியாகப் படுத்தேன். விடியும்போது வாய் உலர்ந்து, தலை இரண்டாகப் பிளக்கிற மாதிரி வலி. மெஷின் எப்போதோ செத்துப்போயிருந்தது. மீட்டரிலும் வெளிச்சம் இல்லை.

செந்தில் போன் செய்தபோது, “சூப்பரா தூங்கினேன்பா” என்றேன். அவன் ஞாயிற்றுக்கிழமை வந்து மெஷினில் ஏதோ பட்டனை அழுத்திப் பார்த்தான். கோள் சொல்லும் மெஷின் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

“அத்தை, அன்னிக்கு இது ரெண்டு மணி நேரம்தான் ஓடியிருக்குது. மீதி நேரம் எப்படி தூங்கினீங்க?”

அவன் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. வண்டிக்குள் போய் உங்கள் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தான்.

அவன் போன பிறகு வீம்பாக வண்டிக்குள் ஏறினேன். வெயிலில் தகடு கொஞ்சம் சார்ஜ் ஏற்றியிருந்தது. ஃபேனையும் விளக்கையும் போட்டுவிட்டுப் பெட்டிக்கு முன்னால் முழங்கால் போட்டேன். எண் இறங்கிக்கொண்டே போனது. எல்லாவற்றையும் அணைத்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல ஏறியது. ஒன்றுமே நடக்காத மாதிரி பன்னிரண்டுக்கு மேல் போய் நின்றது.

அப்போதுதான் புரிந்தது. மாஸ்க்கைக் கழற்றினால் மெஷின் தானாகவே நின்றுவிடும். குழாய் மீட்டர் வரைக்கும் எட்டாது. ஆகவே நான் பார்க்கப் போகும்போதெல்லாம் பேட்டரிக்கு வேலையே இல்லை, அது இளைப்பாறிக்கொண்டு நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொண்டது. நீங்கள் பார்த்தபோது மெஷின் என் முகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் வேலை செய்கிற பேட்டரியை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஒருத்தி மூச்சு விட, இன்னொருத்தி பார்த்துச் சொல்ல, அதுவும் இரண்டு பேர் செய்கிற வேலையாகத்தான் இருந்திருக்கிறது.

போன மாதம் உங்கள் சித்தி வந்திருந்தார். “நல்லாத்தான் இருக்க புஷ்பா, கொஞ்சம் நிறம்கூட வந்துருக்குது” என்றார். ஆள் வந்து பேசிக்கொண்டிருக்கும்போது நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வந்தவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு போன பிறகு வந்து பார்க்க வேண்டும்.

சரி, மீட்டர் வாங்கிய கதைக்கு வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கலீல் பாய் பேட்டரி கடைக்குத்தான் போனேன். பேட்டரியைச் சோதித்துவிட்டு, “உயிரு இருக்குதுமா, தண்ணிதான் இல்ல” என்றார். நீங்கள் போன பிறகு அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அவரிடம் என் தேவையைச் சொன்னேன். படுத்தபடியே தெரிய வேண்டும். கண்ணாடி இல்லாமல் தெரிய வேண்டும், மாஸ்க்குக்கு மேல் கண்ணாடி நிற்காது. வோல்ட் கணக்கெல்லாம் வேண்டாம், இன்னும் எவ்வளவு மிச்சம் என்று சொன்னால் போதும். குறைந்தால் சத்தம் போட்டு எழுப்ப வேண்டும். பாய் தாடியைச் சொறிந்துகொண்டு, “இன்னாமா, மீட்டர் கேக்கறீங்களா, கூடத் தூங்கறதுக்கு ஆள் கேக்கறீங்களா?” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுகை வந்தது.

சிகரெட் பற்றவைக்கிற ஓட்டையில் செருகும் குட்டி மீட்டர் ஒன்று காட்டினார். எழுத்து அரிசி அளவு. இன்னொன்றில் செல்போன் மாதிரி நாலு கட்டம். ஒரு கட்டம் போனால் கால்வாசி போனதாக அர்த்தமா என்று கேட்டால், “அதெல்லாம் அந்தாஜாதான்மா” என்றார். குத்துமதிப்பை வைத்துக்கொண்டு நான் மூச்சு விட முடியுமா? பளிச்சென்று ஒன்று கொடுங்கள் என்று கேட்டு, நீல எழுத்தில் ஒன்று வாங்கிவந்து மாட்டினேன். விளக்கை அணைத்ததும் வண்டிக்குள் நகைக்கடை திறந்த மாதிரி ஆகிவிட்டது. கண்ணை மூடினாலும் நீலம். மறுநாளே கழற்றிக்கொண்டு போனேன். “நீங்கதானேமா பளிச்சுனு கேட்டீங்க” என்று பாய் கோபித்துக்கொண்டாலும் திருப்பி எடுத்துக்கொண்டார்.

போனில் பார்க்கிற மாதிரி ஒன்று இருக்கிறது என்றார். போனில் சார்ஜ் இல்லாவிட்டால் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று எதில் பார்ப்பது? செந்தில் அதற்கும் மேலே போனான். இன்டர்நெட்டில் இணைக்கிற மாதிரி வாங்கினால் அவன் ஆபீஸிலிருந்தே பார்த்துக்கொள்வானாம். அண்ணி, ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. எங்கேயோ ஒருத்தர் என் பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால் சும்மாவா? ஆனால் அவன் பார்ப்பான், பயப்படுவான், போன் செய்வான். தூங்குமா என்று சொல்லமாட்டான். வேண்டாம் என்றுவிட்டேன்.

கடைசியாகப் பாய் வரவழைத்துக் கொடுத்தது ஒரு வட்ட மீட்டர். பேட்டரிக்கு வருகிற கம்பியில் ஒரு சின்னக் கட்டையை இடையில் மாட்டிவிட்டால், உள்ளே வருவதையும் வெளியே போவதையும் அது கணக்கு வைத்து, நூற்றுக்கு இவ்வளவு மிச்சம் என்று காட்டும். ஃபேனை நிறுத்தினாலும் போட்டாலும் ஏமாறாது. எழுத்து பெரியது, கறுப்பில் வெள்ளை. வெளிச்சத்தை நமக்கு வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி முழுக்கச் சார்ஜ் ஏற்றிய பிறகு செந்தில்தான் வந்து மாட்டினான். மீட்டரைப் பழைய இடத்திலேயே வைக்கப் போனவனைத் தடுத்து, என் தலையணைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாஸ்க்கோடு படுத்துப் பார்த்தேன். அவன் எதிரே உங்கள் கட்டிலில் படுத்துக்கொண்டு, “தெரியுதா அத்தை?” என்றான். இரண்டு தட்டு தட்டினேன். அவனுக்கு அது புரியவில்லை. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, தெரிகிறது என்று வாயால் சொன்னேன்.

அவன் எழுந்திருக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “நான் உங்கள தடுக்கறதுக்காக சொல்லல அத்தை. அம்மா நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்லிக்கினேதான் இருந்தாங்க. நான் வர்றப்பல்லாம் நல்லாத்தான் இருந்தாங்க. நீங்களும் அதையே சொல்றீங்க. எனக்கு பயமா இருக்குது.”

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. மாடிப்படியில் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வீர்களே. கேட்டால், “கேஸுமா, பூரி சாப்ட்டேன் இல்ல” என்பீர்கள். மேலே போனதும் ஃபேன் அடியில் உட்கார்ந்து சிரிப்பீர்கள். நானும் அந்தச் சிரிப்பைத்தான் பார்த்தேன். ராத்திரி ராத்திரியாக எழுந்து எனக்குப் படித்துச் சொன்னீர்கள். உங்களுக்குப் படித்துச் சொன்னது யார், அண்ணி?

பயமாக இருக்கிறது என்று அவன் சொன்னதும், எனக்கும் பயம்தான், வீடு பிடிக்கவில்லை, தனியாக இருப்பது பழகவே மாட்டேன் என்கிறது என்று அவனிடம் சொல்லிவிட்டேன். முதல் தடவையாகச் சொன்னேன். அவன் எழுந்து உட்கார்ந்து, “அப்புறம் எதுக்கு இன்னும் தனியா வண்டியில போறேன்றீங்க?” என்று கேட்டான். வீட்டில் இருந்தால் நீங்கள் இல்லாதது மட்டும்தான் இருக்கிறது, வண்டியில் போனால் உங்களோடு போகிற மாதிரியும் இருக்கிறது என்றேன். அவன் என் பக்கம் வந்து, ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் கத்துகிற மாதிரி மீட்டரில் வைத்துக் கொடுத்தான். “சரி, இந்த அமாவாசைக்கு தாமல். காலையில மெஷினப் போட்டோ புடிச்சு அனுப்புங்க. அதுல முழு ராத்திரியும் ஓடியிருக்கணும்” என்றான்.

நேற்று அண்ணனுக்கும் உங்களுக்கும் படைத்துவிட்டுக் கிளம்பினேன். இலையில் உங்கள் பங்கு வந்தது இப்போது கொஞ்ச மாதமாகத்தான். எனக்கு அது இன்னும் பழகவில்லை. நீங்கள் ஓட்டும்போது நான் உட்கார்ந்து வந்த இடது பக்கத்துச் சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்தேன். வளைவில் அது சரிந்தபோது, நீங்களே அங்கே உட்கார்ந்திருக்கிற மாதிரி “புடிச்சிக்கோங்க” என்று சொன்னேன். தாமலில் நாம் எப்போதும் நிறுத்துகிற இடம்தான், எஸ்தர் டிபன் கடைக்குப் பின்னால், ஏரிக்கரையைப் பார்த்து. எஸ்தர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வண்டிக்குள் எட்டிப் பார்த்து, வேறு யாரும் இல்லை என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “தனியாவே வந்துக்கினியாமா? கதவ நல்லா சாத்திக்கோ. நான் பின்கட்டு லைட்ட நிறுத்தாம வெக்கறேன்” என்றாள்.

படுக்கும்போது மீட்டர் தொண்ணூற்று ஏழு. மாஸ்க்கை மாட்டிக்கொண்டேன். தூக்கம் வர நேரம் ஆனது. திரும்பிப் படுத்தால் மீட்டர், இந்தப் பக்கம் படுத்தால் உங்கள் கட்டில். எந்தப் பக்கம் படுப்பது என்று தெரியவில்லை.

கண் விழித்தபோது விடிந்திருந்தது. ஏரிப் பக்கம் கொக்குகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தலையை மட்டும் திருப்பினேன். கண்ணாடி போடவில்லை, குனியவில்லை, டார்ச் அடிக்கவில்லை. அறுபத்தொன்று.

மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, “அறுபத்தொண்ணு” என்று சத்தமாகச் சொன்னேன். உங்கள் கட்டிலில் போர்வை மடித்தது மடித்தபடி இருந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன், எதற்கென்று எனக்கே தெரியவில்லை. அப்புறம் நானே கையை நீட்டிப் பலகையில் இரண்டு தட்டு தட்டினேன்.

செந்திலுக்குப் போட்டோ அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். “முழுசா ஓடியிருக்குது அத்தை” என்றான். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கேட்டு வந்தவரிடம் வண்டி இல்லை என்று சொல்லிவிடுவதாகச் சொன்னான். எஸ்தர் டீ கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

சந்தோஷமாக இருக்கிறேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, அண்ணி. மீட்டர் நன்றாக வேலை செய்கிறது. நான் கேட்டதெல்லாம் அதில் இருக்கிறது. இனிமேல் எனக்காக யாரும் எழுந்து குனிய வேண்டாம் என்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். பேட்டரிக்குத் தண்ணீர் பார்ப்பேன், டயருக்குக் காற்று பார்ப்பேன், மாடிப்படியில் மூச்சு வாங்கினால் செந்திலிடம் மறைக்காமல் சொல்வேன். ஒவ்வோர் அமாவாசையும் வண்டியை எடுப்பேன். எங்கே நிறுத்தினாலும் காலையில் எண்ணை உங்களுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்வேன். பலகையைத் தட்டுகிற வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன். இத்தனை வருஷம் எனக்காக விழித்தது போதும். நீங்கள் தூங்குங்கள், அண்ணி.

எதிர்க் கட்டிலிலிருந்து,
உங்கள் நாத்தனார் புஷ்பா